ஒரே பள்ளிக்குள் சிலர் முன்னேற, சிலர் தேங்குவது ஏன்? மதிப்பெண் தரவைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதிப்பெண் பட்டியலும் வருகைப் பதிவும் எல்லாப் பள்ளியிலும் இருக்கின்றன. அவற்றை வைத்து, யார் நகர்கிறார்கள், யார் தேங்கி நிற்கிறார்கள், எந்த இடத்தில் தேங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்க நினைக்கும் ஆசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் இதை எழுதுகிறேன். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் தெரிந்தால் போதும்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே வரைபடம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். வரைபடம் அழகாக வரும், அதிலிருந்து எடுத்த முடிவு தவறாக இருக்கும். இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். கீழே உள்ள படிகளை மாற்றிப்போட்டால் பின்னால் வருவது எல்லாம் ஆட்டம் காணும்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"மாணவர் முன்னேற்றத்தை ஆராய்வது" ஒரு கேள்வி அல்ல. "ஏழாம் வகுப்பில் கணிதத்தில் ஒரே நிலையில் ஆண்டைத் தொடங்கிய பிள்ளைகள், ஆண்டு இறுதியில் ஏன் வெவ்வேறு இடங்களில் இருக்கிறார்கள்?" என்பது கேள்வி. வகுப்பு, பாடம், காலம் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

காரணம் எளிது. தரவில் பிரித்துப் பார்க்க எத்தனையோ வழி உண்டு. கேள்வி இல்லாமல் பிரித்துக்கொண்டே போனால் ஏதோ ஒரு இடத்தில் பெரிய வேறுபாடு தெரியத்தான் செய்யும். அதைப் பிடித்துக்கொண்டு கதை கட்டிவிடுவோம்.

பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிடும் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வை நடத்துவது ஓஇசிடி (OECD) என்ற நாடுகளின் கூட்டமைப்பு. 2018இல் அதன் வாசிப்புத் தேர்வில், ஓஇசிடி நாடுகளின் சராசரியைப் பார்த்தால், மாணவர்களின் மதிப்பெண் வேறுபாட்டில் சுமார் 71 விழுக்காடு ஒரே பள்ளிக்குள் இருப்பவர்களுக்கு இடையே இருந்தது. பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே இருந்தது 29 விழுக்காடுதான். பார்க்க வேண்டியது பெரும்பாலும் நம் சுவருக்குள்ளேயே இருக்கிறது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- ஒரே பாடத்தில் குறைந்தது மூன்று தேர்வுகளின் மதிப்பெண். இரண்டு இருந்தாலும் செய்யலாம், ஆனால் ஏழாவது படியில் கை கட்டிப்போகும்.
- நாள்வாரியான வருகைப் பதிவு. மொத்த விழுக்காடு மட்டும் போதாது.
- எந்த வாரம் எந்தப் பாடம் நடந்தது என்ற பாடக் குறிப்பு.
- கடைசித் தேர்வின் விடைத்தாள்கள். திருப்பிக் கொடுத்துவிட்டால் பத்தாவது படியைச் செய்ய முடியாது, அதனால் முதலிலேயே சொல்லி வையுங்கள்.
- பள்ளி நிர்வாகத்தின் அனுமதி, தரவை யார் பார்க்கலாம் என்ற தெளிவு.
- அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் ஒருவர், கூடவே. எண்கள் தெரிந்தவர் மட்டும் உட்கார்ந்து செய்தால், "அந்தத் தேர்வன்று பாதிப் பேர் விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தார்கள்" என்ற ஒரு வரிச் செய்தி கிடைக்காமலே போகும்.

3. ஒரு மாணவருக்கு ஒரு வரி

எல்லாத் தரவையும் ஒரே தாளுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மாணவருக்கு ஒரு வரி, ஒரு தகவலுக்கு ஒரு நெடுவரிசை. பிரிவுக்கு ஒரு தாள், தேர்வுக்கு ஒரு தாள் என்று சிதறிக் கிடந்தால் பிவட் டேபிள் (தரவைக் குழுவாரியாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) வேலை செய்யாது. நடுவில் வெற்று வரியோ இணைத்த கட்டங்களோ இருக்கக் கூடாது.

இணைக்கும் சாவியாகச் சேர்க்கை எண்ணைப் பயன்படுத்துங்கள், பெயரை அல்ல. ஒரு பட்டியலில் முன்னெழுத்து முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் புள்ளி இருக்காது. ஒரு பட்டியலில் தேடி இன்னொன்றுக்கு எடுத்துவரும் விலுக்கப் (VLOOKUP) சூத்திரம் இவற்றை மூன்று வேறு ஆட்களாகத்தான் பார்க்கும். அதைவிட மோசம், ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஒருவரின் மதிப்பெண் இருவருக்கும் போய் உட்காரும், எச்சரிக்கையும் வராது.

இணைத்து முடித்ததும் பெயர் நெடுவரிசையை வேறு கோப்புக்கு மாற்றிவிடுங்கள். தனியுரிமை ஒரு காரணம். இன்னொன்று, பெயர் கண்ணில் பட்டால் "இவன் எப்போதுமே இப்படித்தான்" என்று மனம் முந்திக்கொள்ளும்.

4. சுழியமும் வெற்றிடமும் ஒன்றல்ல

அதிகம் தடுமாறும் இடம் இது. தேர்வுக்கு வராதவருக்குச் சில ஆசிரியர்கள் 0 போடுவார்கள், சிலர் கோடு இழுப்பார்கள், சிலர் எதுவும் எழுத மாட்டார்கள். அவரேஜ் சூத்திரம் வெற்றிடத்தையும் எழுத்தையும் தாண்டிப் போய்விடும், 0 இருந்தால் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ஆக, ஒரு பிரிவின் சராசரி குறைவாக இருப்பதற்கு அந்த ஆசிரியர் 0 போடும் பழக்கம் உள்ளவர் என்பது மட்டுமே காரணமாக இருக்கலாம்.

வராதவர் எல்லாருக்கும் ஒரே குறி வையுங்கள். அப்புறம் தனியாக எண்ணுங்கள்: எந்தப் பிரிவில், எந்தத் தேர்வில் எத்தனை பேர் வரவில்லை? அவர்கள் முந்தைய தேர்வில் எப்படி எழுதியிருந்தார்கள்? பின்தங்கியவர்களே அதிகமாக வராமல் இருந்தால், வந்தவர்களின் சராசரி தானாகவே உயரும். அது முன்னேற்றம் அல்ல.

நடுவில் சேர்ந்தவர், விலகியவர் ஆகியோருக்கும் தனி நெடுவரிசை வேண்டும். முன்னேற்றத்தைக் கணக்கிடும்போது எல்லாத் தேர்வும் எழுதியவர்களை மட்டும் எடுங்கள். விடுபட்டவர்களை மறந்துவிடாதீர்கள். அவர்கள் பட்டியல் தனியாக மேசை மேல் இருக்கட்டும், பெரும்பாலும் மிக அவசரமாகக் கவனிக்க வேண்டியவர்கள் அதில்தான் இருப்பார்கள்.

5. இந்தத் தேர்வுகளை ஒப்பிட முடியுமா?

முதல் தேர்வில் 55, இரண்டாவதில் 63. மாணவர் முன்னேறினாரா, வினாத்தாள் எளிதாக இருந்ததா? மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு வழி, ஒவ்வொரு தேர்வின் மதிப்பெண்ணையும் இசட் மதிப்பாக மாற்றுவது. மாணவரின் மதிப்பெண்ணிலிருந்து அந்த வகுப்பு முழுவதன் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) வகுங்கள். கழிப்பது எல்லாப் பிரிவும் சேர்ந்த சராசரியாக இருக்க வேண்டும். பிரிவின் சராசரியைக் கழித்தால், நீங்கள் தேடும் வேறுபாட்டையே அழித்துவிடுவீர்கள்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. இசட் மதிப்பின் சராசரி எப்போதும் 0 தான். எல்லாரும் சேர்ந்து முன்னேறினாலும், எல்லாரும் சேர்ந்து பின்வாங்கினாலும் அது காட்டாது. யார் யாரைவிட முன்னே போனார் என்பதை மட்டுமே காட்டும். நம் கேள்விக்கு அது போதும்.

அடுத்து, திருத்தியவர். இரண்டு பிரிவுகளுக்கு இரண்டு பேர் திருத்தியிருந்தால், ஒவ்வொரு கட்டிலிருந்தும் பத்து விடைத்தாள்களை எடுத்து, பெயரையும் மதிப்பெண்ணையும் மறைத்து நகலெடுத்து, மற்றவரைத் திருத்தச் சொல்லுங்கள். ஒருவர் தொடர்ந்து நான்கைந்து மதிப்பெண் தாராளமாகப் போட்டால், பிரிவுகளுக்கு இடையே தெரிந்த இடைவெளியின் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். இருந்தாலும் விடாதீர்கள்.

6. சராசரிக்கு முன் பரவலைப் பாருங்கள்

ஒரு பிரிவில் எல்லாரும் 50க்கும் 70க்கும் இடையே. இன்னொன்றில் பாதிப் பேர் 40ஐச் சுற்றி, மீதிப் பேர் 80ஐச் சுற்றி. இரண்டுக்கும் சராசரி 60. முதல் பிரிவில் வழக்கமான வேலை நடந்தால் போதும். இரண்டாவதில் ஒரே அறையில் இரண்டு வகுப்புகள் நடந்துகொண்டிருக்கின்றன.

அதனால் முதலில் ஒவ்வொரு மாணவரையும் ஒரு புள்ளியாகப் போடுங்கள், பிரிவுக்கு ஒரு வரிசை. பத்து பத்தாகக் கட்டம் கட்டி எண்ணினாலும் சரி. இரண்டு முகடு தெரிகிறதா, நீண்ட வால் கீழே இழுபடுகிறதா, மேல் எல்லையில் முட்டி நிற்கிறார்களா என்று பாருங்கள். மேல் எல்லை முக்கியம்: முதல் தேர்விலேயே 96 எடுத்தவர் அதற்குமேல் எங்கே போவார்? அவரை "முன்னேறாதவர்" பட்டியலில் சேர்ப்பது அபத்தம்.

ஒரு எண்தான் வேண்டும் என்றால் இடைநிலை அளவை, அதாவது எல்லாரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் மதிப்பெண்ணை, எடுங்கள். ஓரிருவரின் மிகக் குறைந்த மதிப்பெண் அதை இழுக்காது.

தேர்ச்சி விகிதத்தை மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். தேர்ச்சி 35 என்றால், 12லிருந்து 30க்கு வந்த பிள்ளை அதில் தெரியவே மாட்டார், 34லிருந்து 36க்கு வந்தவர் பெரிய வெற்றியாகத் தெரிவார். அப்புறம் பள்ளியின் முழு உழைப்பும் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் நாலு பேர்மீது குவியும்.

7. ஒரே இடத்தில் தொடங்கியவர்களை ஒப்பிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

முதல் இரண்டு தேர்வுகளின் இசட் மதிப்புகளைச் சராசரி செய்து, அதை ஒவ்வொருவரின் தொடக்கப் புள்ளியாக வையுங்கள். ஒரே தேர்வைத் தொடக்கமாக வைத்தால் அன்றைய காய்ச்சலும் அன்றைய அதிர்ஷ்டமும் சேர்ந்து வந்துவிடும். பிறகு வகுப்பு முழுவதையும் தொடக்கப்படி வரிசைப்படுத்தி, ஏறத்தாழ சம அளவுள்ள நான்கைந்து குழுக்களாகப் பிரியுங்கள். 100 பேர் என்றால் 25 பேர் வீதம் நான்கு குழு.

ஒவ்வொரு குழுவுக்கும் மூன்றாவது தேர்வின் இடைநிலை அளவைக் கண்டுபிடியுங்கள். அதுதான் "அந்த இடத்தில் தொடங்கியவர் வழக்கமாக வந்து சேரும் இடம்". ஒரு குழுவின் இடைநிலை 62 என்றால், அதில் 54 எடுத்தவருக்கு −8, 70 எடுத்தவருக்கு +8. இந்த வித்தியாசம்தான் இனி நமக்கு முன்னேற்றம்.

மதிப்பெண் உயர்வை நேரடியாகக் கழித்துப் பார்த்தால் என்ன? அங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு தேர்வில் மிகக் குறைவாக எடுத்தவர்களில் சிலர் அன்று மட்டும் சறுக்கியவர்கள். அடுத்த தேர்வில் அவர்கள் தாமாகவே மேலே வருவார்கள். மிக அதிகமாக எடுத்தவர்களில் சிலர் அதேபோல இறங்குவார்கள். கடைசி 20 பேருக்குச் சிறப்பு வகுப்பு வைத்து, அடுத்த தேர்வில் அவர்கள் உயர்ந்ததும் "வகுப்பு பலன் தந்தது" என்று சொல்லும் பள்ளிகள் நிறைய. அந்த உயர்வில் ஒரு பங்கு வகுப்பே வைக்காவிட்டாலும் வந்திருக்கும். ஒரே தொடக்கக் குழுவுக்குள் ஒப்பிட்டால் இந்த இயல்பான நகர்வு ஏறத்தாழ எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிறது, அதனால் பெரும்பகுதி தொல்லை நீங்கும்.

8. பிரித்துப் பாருங்கள், ஒவ்வொன்றாக

இப்போதுதான் பிவட் டேபிள். முன்னேற்ற வித்தியாசத்தைப் பிரிவு வாரியாக, வருகை வாரியாக, ஆண் பெண் வாரியாக, வீட்டு மொழி வாரியாக, நடுவில் சேர்ந்தவர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆனால் எந்தப் பிரிப்பையும் தொடக்கக் குழுவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு:

"அ" பிரிவில் 40 பேர். உயர்ந்த நிலையில் தொடங்கிய 30 பேரில் 24 பேர் இலக்கை எட்டினார்கள். தாழ்ந்த நிலையில் தொடங்கிய 10 பேரில் 3 பேர் எட்டினார்கள். மொத்தம் 27, அதாவது 67.5 விழுக்காடு.

"ஆ" பிரிவிலும் 40 பேர். உயர்ந்த நிலையில் தொடங்கிய 10 பேரில் 9, தாழ்ந்த நிலையில் தொடங்கிய 30 பேரில் 12. மொத்தம் 21, அதாவது 52.5 விழுக்காடு.

மொத்தத்தைப் பார்த்தால் "அ" எங்கோ மேலே. குழுவாகப் பிரித்தால் உயர்ந்தவர்களில் "அ" 80 விழுக்காடு, "ஆ" 90; தாழ்ந்தவர்களில் "அ" 30, "ஆ" 40. இரண்டிலும் "ஆ" பிரிவே மேல். "ஆ" பிரிவு ஆசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பதற்கு முன் இந்த நான்கு எண்களையும் பார்த்துவிடுவது நல்லது.

எனக்குப் பிடித்த இன்னொரு பிரிப்பு, ஒரே பிள்ளையைப் பாடங்களுக்கு இடையே ஒப்பிடுவது. கணிதத்தில் எதிர்பார்த்த இடத்தில் இருந்து, அறிவியலில் மட்டும் கீழே இருப்பவர்களைப் பட்டியலிடுங்கள். வீடு அதே, உடல்நலம் அதே, மொத்த வருகை அதே. அப்படியென்றால் காரணம் அந்தப் பாடத்துக்கு அருகில் இருக்க வாய்ப்பு அதிகம். "வீட்டுச் சூழல் சரியில்லை" என்று பேச்சை முடித்துவிட முடியாது, அதுதான் இதன் பெரிய பயன்.

வருகையைப் பார்க்கும்போது மொத்த நாட்களோடு நிற்காதீர்கள். 90 விழுக்காடு வருகை உள்ளவர், பின்னம் தொடங்கிய இரண்டு வாரமும் வராமல் இருந்திருக்கலாம். வருகைப் பதிவைப் பாடக் குறிப்பின்மேல் வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

9. இடைவெளி உண்மையா, தற்செயலா?

ஒரு பிரிவில் 25 பேர், திட்ட விலக்கம் 15 என்று வைத்துக்கொள்வோம். 15ஐ 25இன் வர்க்கமூலமான 5ஆல் வகுத்தால் 3. அதுதான் அந்தச் சராசரியின் திட்டப் பிழை, அதாவது தற்செயலாக அது எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு. இதேபோன்ற இரண்டு பிரிவுகளின் சராசரிகளைக் கழித்தால், அந்த வித்தியாசத்தின் திட்டப் பிழை ஏறத்தாழ 4.2. அதன் இரண்டு மடங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மதிப்பெண்ணுக்குக் கீழே உள்ள இடைவெளியை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். மூன்று தேர்விலும் அதே திசையில் இடைவெளி வந்தால் அது வேறு விஷயம்.

20 விதமாகப் பிரித்துப் பார்த்தால், எதுவுமே இல்லாத இடத்திலும் ஒன்றாவது பெரிதாகத் தெரிந்துவிடும் வாய்ப்பு நிறைய. முதல் படியில் எழுதிய கேள்வி இங்கே கை கொடுக்கும்.

பத்துப் பேருக்குக் குறைவான குழுவுக்கு விழுக்காடு போடாதீர்கள். எட்டுப் பேரில் ஒருவர் மாறினாலே 12.5 விழுக்காடு ஆடும். அதோடு, அவ்வளவு சிறிய குழுவின் எண்ணை வெளியிட்டால் அது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

10. கேள்வி வாரியாக இறங்குங்கள்

இதுவரை செய்தது எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும். எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை விடைத்தாள்தான் சொல்லும்.

புதிய தாளில் மாணவருக்கு ஒரு வரி, கேள்விக்கு ஒரு நெடுவரிசை. சரி என்றால் 1, தவறு என்றால் 0, எழுதவே இல்லை என்றால் ஒரு எழுத்துக் குறி. மாணவர்களை மொத்த மதிப்பெண்படி மேலிருந்து கீழாகவும், கேள்விகளை எளிதிலிருந்து கடினத்துக்கு இடமிருந்து வலமாகவும் வரிசைப்படுத்தி, 1 உள்ள கட்டங்களுக்கு நிறம் கொடுங்கள். இடப்பக்க மேல் மூலையில் நிறம் அடர்ந்து, வலப்பக்கக் கீழ் மூலைக்குப் போகப்போக வெளிறும்.

வழக்கத்தை மீறி நிற்கும் கட்டங்களைத் தேடுங்கள். ஒரு பிரிவு முழுக்க ஒரு நடுத்தரக் கேள்வியில் விழுந்திருந்தால், அந்தப் பகுதி அங்கே நடத்தப்படாமலோ அவசரமாக முடிக்கப்பட்டோ இருக்கலாம். நன்றாக எழுதுபவர் எளிய கேள்வியில் விழுந்தால் கேள்வியின் வாசகத்தைப் பாருங்கள்.

எழுதாததையும் தவறாக எழுதியதையும் பிரித்ததன் பயன் இப்போது தெரியும். கடைசிக் கேள்விகள் மட்டும் வெறுமையாக இருந்தால் நேரம் போதவில்லை. தாள் முழுக்க வாக்கியக் கணக்குகள் மட்டும் வெறுமையாக இருந்தால், கணக்கைவிட வாசிப்பில் சிக்கல் இருக்கலாம். எங்கும் வெறுமையே இல்லாமல் எல்லாம் தவறு என்றால் பிள்ளை முயல்கிறார், புரிதல் பிசகியிருக்கிறது.

தவறுகளையும் வகைப்படுத்துங்கள். 1/4 + 1/3 = 2/7 என்று எழுதியவர் கவனக்குறைவால் எழுதவில்லை. மேல் எண்ணோடு மேல் எண்ணையும், கீழ் எண்ணோடு கீழ் எண்ணையும் கூட்ட வேண்டும் என்ற ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார். 0.35 என்பது 0.5ஐவிடப் பெரியது என்பவர், புள்ளிக்குப் பின்னால் உள்ளதை முழு எண்ணாக வாசிக்கிறார். இவர்களுக்கு "இன்னும் பயிற்சி" கொடுத்தால் அதே தவறில் தேர்ச்சி பெறுவார்கள்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் சரியாக எழுதியவர்கள் 25 விழுக்காட்டுக்கு அருகில் இருந்தால், வகுப்பே ஊகித்திருக்கலாம். அதைவிட நன்றாகக் குறைந்தால் ஏதோ ஒரு தவறான விடை அவர்களை இழுத்திருக்கிறது. எந்த விடை என்று எண்ணிப் பாருங்கள்.

11. ஆசிரியரிடம் கொண்டுபோகும் முறை

எண்களை அந்தப் பிரிவின் ஆசிரியர் முதலில், தனியாகப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் திரையில் போட்டு முதல்முறை காட்டினால், அடுத்த தேர்விலிருந்து உங்களுக்கு வரும் மதிப்பெண்கள் நல்லதாக மட்டுமே இருக்கும்.

முடிவோடு போகாமல் கேள்வியோடு போங்கள். "இந்த ஆறு பேர் நடுவில் தொடங்கி, மூன்றாவது தேர்வில் எதிர்பார்த்ததைவிடக் கீழே இருக்கிறார்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" அப்புறம் நோட்டுப் புத்தகங்களை ஒன்றாகப் புரட்டுங்கள். பிள்ளைகளிடம் விடைத்தாளைக் கொடுத்து, "இதை எப்படிச் செய்தாய் என்று சொல்லு" என்று கேளுங்கள். பல சமயம் காரணம் இரண்டு நிமிடத்தில் வெளிவரும்: பலகை தெரியவில்லை, வேற்றுமொழிச் சொல் புரியவில்லை, முந்தைய வகுப்பில் வகுத்தலே வரவில்லை.

எதிர்பார்த்ததைவிட மேலே போனவர்களிடமும் இதையே கேளுங்கள். பின்தங்கியவர் பட்டியலோடு நிறுத்திவிட்டால், பள்ளிக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு நல்ல உத்தி யார் கண்ணிலும் படாமல் போகும்.

12. ஒரு மாற்றம், ஒரு தேதி

ஒரே நேரத்தில் ஐந்து மாற்றம் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். யாருக்கு, எத்தனை வாரம், எந்தக் கேள்வி வகையில் எவ்வளவு மாற்றம் எதிர்பார்க்கிறோம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி, தேதி போட்டு வையுங்கள். பின்னால் எழுதினால் வந்த முடிவுக்கு ஏற்றபடி எதிர்பார்ப்பு வளைந்துகொள்ளும்.

சோதிக்கும்போது அதே கேள்விகளைத் திரும்பக் கொடுக்காமல், அதே வகையில் எண்களும் சூழலும் மாறிய கேள்விகளைக் கொடுங்கள். மாற்றத்தில் சேராத, அதே தொடக்கக் குழுவைச் சேர்ந்தவர்களும் அவற்றை எழுத வேண்டும். அவர்களும் அதே அளவு உயர்ந்திருந்தால், உயர்வுக்குக் காரணம் வேறு.

கடைசியாக, கோப்பு. மூல மதிப்பெண்களைத் தொடாமல் ஒரு தாளிலும், கணக்குகளை வேறு தாளிலும் வையுங்கள். எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது, வராதவருக்கு என்ன குறி, யாரை ஏன் விட்டோம் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிச் சேருங்கள். அடுத்த ஆண்டு இதே வேலையை வேறொருவர் செய்வார், அவருக்கு உங்கள் நினைவு கைகொடுக்காது.